கசாண்ட்ராவில் சத்தமில்லாமல் சேரும் புதிய நோடு

தரவைப் பல கணினிகளில் பகிர்ந்து வைக்கும் தரவுத்தளமான கசாண்ட்ராவின் கிளஸ்டரில், அதாவது அந்தக் கணினிகளின் கூட்டத்தில், புதிய நோடைச் (கணினியைச்) சேர்க்கும்போது, பிழைச்செய்தியோடு நின்றுவிடும் நோடைவிட, எந்தப் புகாருமின்றி நொடியில் சேர்ந்துவிடும் நோடையே நான் அதிகம் சந்தேகிப்பேன். கிளஸ்டரின் பெயர் பொருந்தவில்லை என்றாலோ, நோடுகள் தமக்குள் பேசிக்கொள்ளும் 7000ஆம் போர்ட்டை ஃபயர்வால் அடைத்திருந்தாலோ, லாக் கோப்பைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஆனால், புதிய நோடின் முகவரி அதன் சொந்த சீட் பட்டியலில் (கிளஸ்டரில் சேர முதலில் தொடர்புகொள்ள வேண்டிய நோடுகளின் பட்டியலில்) இடம்பெற்றிருந்தால், அது பூட்ஸ்ட்ராப் செய்யாமல், அதாவது பழைய நோடுகளிடமிருந்து தனக்குரிய தரவைப் பெறாமலேயே, கிளஸ்டரில் இணைந்துவிடும். 'நோட்டூல் ஸ்டேட்டஸ்' கட்டளை, இணைந்துகொண்டிருப்பதைக் குறிக்கும் 'யுஜே' நிலையைக் காட்டாமல் நேராக, இயல்பாக இயங்குவதைக் குறிக்கும் 'யுஎன்' என்று காட்டும். நோடில் உள்ள தரவின் அளவைச் சொல்லும் 'லோடு' என்ற நெடுவரிசையில் உள்ள மிகச் சிறிய அளவுதான் காட்டிக்கொடுக்கும். தரவின் நகலை வைத்திருக்க வேண்டிய நோடுகளில் ஒன்றிடம் மட்டும் கேட்கும் வினவல்களில் சில, தரவு இருந்தும் வெறுங்கையோடு திரும்பும். இதை அப்ளிகேஷனின் பிழை என்று எண்ணி அலைபவர்கள் உண்டு.

அத்தகைய நோடை முறைப்படி டீகமிஷன் செய்து (கிளஸ்டரிலிருந்து விலக்கி), தரவுக் கோப்பகங்களைத் துடைத்து, சீட் பட்டியலிலிருந்து அதன் முகவரியை நீக்கிய பின் மீண்டும் தொடங்குவதே எனக்கு உகந்த வழி. சரியாக இணைந்த பிறகும் பழைய நோடுகளில் வட்டுப் பயன்பாடு தானாகக் குறையாது. தமக்கு இனி உரியதல்லாத தரவை நீக்க, அவற்றில் ஒவ்வொன்றாக 'நோட்டூல் கிளீனப்' ஓட்ட வேண்டும்.