ஒயில் குடிக்குமா என்று கேட்டேன்

சொந்தமாக ஒரு ட்ரக் எடுத்து ஓனர் ஆபரேட்டராக ஓட நினைக்கிற பெடியள் இப்போது என்னிடமும் வந்து, எதைப் பார்த்து எடுப்பது என்று கேட்கிறார்கள். ஃபிரேம், டயர், ஈசிஎம் என்கிற எஞ்சின் கம்ப்யூட்டர், டிபிஎஃப் என்கிற புகைக் கரி வடிகட்டி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவேன். விற்கிறவரிடம் என்ன கேட்பது என்ற இடம் வந்ததும் கொஞ்சம் இழுபடுகிறது. ஒரு அண்ணைதான் காரணம்.

நான் எனக்கென்று வண்டி தேடியபோது பார்க்கப் போன வண்டி அவருடையது. வருடக்கணக்காக அவரே ஓட்டினார், வேறு ஒருவர் கையில் கொடுத்ததில்லை. நான் முதலில் ஃபிரேமுக்குக் கீழேதான் போனேன். பனிக்காலம் முழுக்க ஒன்ராறியோவின் 401 நெடுஞ்சாலை உப்புத் தண்ணீரில் ஓடுகிற வண்டியில், ஃபிரேமின் நீளச் சட்டம் இரட்டைத் தகடாக இருந்தால், இரண்டு தகட்டுக்கும் நடுவில் துரு ஊதி இரும்பைப் பிரித்துவிடும். எஞ்சினைத் திருத்தலாம், அப்படிப் போன ஃபிரேமோடு என்ன செய்வது? இவருடையது சுத்தியலால் தட்டிய இடமெல்லாம் கணீரென்று இருந்தது. முன் டயர்கள் ஒரே சீராகத் தேய்ந்திருந்தன, கூலன்டில் ஒயில் மிதக்கவில்லை. எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, ஐட்லில், அதாவது நின்றபடி இரைய விட்டு, ஒயில் ஊற்றுகிற மூடியைக் கழற்றி அதே வாயில் கவிழ்த்து வைத்தேன். பிஸ்டன் ரிங் தேய்ந்து, எரிந்த வாயு கீழே கசிகிற பிளோ-பை கூடியிருந்தால் மூடி துள்ளி விழும். ஆடியது, விழவில்லை. அதை வைத்து நல்லதென்றும் சொல்லலாம், சந்தேகம் என்றும் சொல்லலாம்.

அப்புறம்தான் கேட்டேன்.

"அண்ணை, ஒயில் குடிக்குமா?"

"குடிக்கும் தம்பி. ரெண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீற்றருக்கு ஒரு கலன் விடவேணும். போன கிழமைதான் ஒயில் மாத்தினனான், அதாலை நீர் லாப்புக்கு அனுப்பினாலும் அதிலை ஒண்டும் தெரியாது."

இரண்டாவதை அவர் சொல்லியே இருக்கத் தேவையில்லை. சாம்பிள் எடுக்கிற குப்பி என் பையில்தான் இருந்தது. ஓடிய ஒயிலை லாப்புக்கு அனுப்பினால் அதில் இரும்பு எவ்வளவு, செம்பு எவ்வளவு, கூலன்ட் கலந்திருக்கிறதா என்று எழுதி வரும்; புது ஒயிலில் தேய்மானம் சேர நேரம் இருந்திருக்காது, அறிக்கை சுத்தமாக வரும், நானும் நம்பியிருப்பேன். யோசித்துச் சொல்கிறேன் என்று கையைத் துடைத்தேன். அதற்கு அவர் கேட்டதுதான் இன்றைக்கும் மனதை விட்டுப் போகவில்லை.

"நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் எடுத்திருப்பீர் என்ன?"

"இல்லை அண்ணை, எப்பிடியும் செக் பண்ணிக் கண்டுபிடிச்சிருப்பன்" என்றேன்.

எப்படிக் கண்டுபிடித்திருப்பேன்? மூடி விழவில்லை, லாப்பில் தெரியாது, புகையும் இல்லை. அவர் வாய்தான் எனக்கு இருந்த ஒரே பரிசோதனை.

ஆனாலும் எடுக்காமல் வந்தது சரி என்றுதான் நினைக்கிறேன், காரணமும் இருக்கிறது. 2007 புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்குப் பிறகு வந்த டீசல் எஞ்சின்களில் ஒயில் குடிப்பது ஒயில் செலவோடு நிற்காது. எரிகிற ஒயில் சாம்பலாகப் போய் டிபிஎஃப்பில் படியும். கரியை ரீஜென், அதாவது வடிகட்டியைச் சூடாக்கிச் சுத்தம் செய்கிற முறை, எரித்துவிடும், சாம்பலை எரிக்காது, கழற்றிக் கொடுத்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். அடைப்பு முற்றினால் எஞ்சின் தானாகவே பவரைக் குறைக்கும், லோடோடு வீதி ஓரத்தில் நிற்கவேண்டியதுதான். இதெல்லாம் வேண்டாம் என்று 2000-க்கு முந்தைய எஞ்சின் தேடுகிறவர்களும் உண்டு. ஓட்டுகிற நேரத்தைப் பதிகிற ஈஎல்டி கருவியும் தேவையில்லை என்பார்கள். ஆனால் 2023-இலிருந்து கலிபோர்னியாவுக்குள் 2010-க்கு முந்தைய எஞ்சினோடு போக முடியாது, எனக்கு அந்தப் பக்கத்து லோடு வேண்டும்.

டீலரிடம் எடுத்தேன். பெரிய கம்பெனி ஒன்று கழித்துவிட்ட வண்டி. ஈசிஎம் அறிக்கை கையில் தந்தார்கள்: 800,000 கிலோமீற்றர், எஞ்சின் ஓடியது 13,000 மணித்தியாலம். வகுத்தால் சராசரி மணிக்கு அறுபது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேலே, அப்படியென்றால் நெடுஞ்சாலையில் ஓடிய வண்டி. அதே தூரத்துக்கு 20,000 மணித்தியாலம் காட்டியிருந்தால் நிறைய நேரம் நின்றபடி இரைந்த எஞ்சின் என்று விட்டிருப்பேன்; ஐட்லில் கிடக்கிற எஞ்சினில் டிபிஎஃப் சீக்கிரம் கரி பிடிக்கும், அந்தத் தேய்மானம் கிலோமீற்றரில் காட்டாது. இந்தக் கணக்கு எனக்குப் பிடித்த கணக்கு, பெடியளுக்கும் முதலில் இதைத்தான் சொல்வேன்.

அங்கும் அதே கேள்வியைக் கேட்டேன். கம்பெனி வண்டி, நேரத்துக்குப் பராமரித்திருப்பார்கள் என்றார் விற்பனையாளர். குடிக்கும் என்றும் சொல்லவில்லை, குடிக்காது என்றும் சொல்லவில்லை. உள்ளது உள்ளபடி, வாரண்டி இல்லை என்ற பேப்பரில் கையெழுத்து வாங்கினார். போட்டேன்.

அந்த வண்டியும் ஒயில் கேட்கிறது. அண்ணை சொன்ன அளவுக்கு இல்லை. புகையில் நைட்ரஜன் ஒக்சைட்டை அளக்கிற நாக்ஸ் சென்சர் ஒன்று போனது, மாற்றினேன். மோசமான வண்டி என்று சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் உழைக்கிறது. என்னைக் குழப்புவது வேறு. உண்மை சொன்னவரின் வண்டியை அந்த உண்மைக்காகவே விட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாதவரிடம் கூடிய காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். அண்ணை கேட்ட விலையோடு, எஞ்சினைக் கழற்றாமல் உள்ளேயே பிரித்துச் செய்கிற இன்-ஃபிரேம் செலவைக் கூட்டினாலும் டீலர் விலையைத் தொட்டிருக்காது. அதைச் செய்திருந்தால் ரிங்கும் லைனரும் புதிது, ஃபிரேம் எனக்கே தெரிந்த நல்ல ஃபிரேம், குறை என்னவென்று தெரிந்த வண்டி.

ஆனால் அந்த வேலைக்கு வண்டி ஷொப்பில் கிடக்கும், இன்சூரன்ஸ் கட்டுவது நிற்காது. தவணையும் நிற்காது. முதல் மாதமே வருமானம் இல்லாமல் தொடங்கிய ஒன்றிரண்டு பேரைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் இப்போது திரும்பவும் கம்பெனி வண்டிதான் ஓட்டுகிறார்கள். ஆகவே எடுக்காதது பிழையில்லை. அந்த "இல்லை அண்ணை"தான் உறுத்துகிறது. அவர் அன்றைக்கு என்னோடு சண்டை பிடிக்கவில்லை, விலையைக் குறைத்தும் பார்க்கவில்லை. உண்மை சொன்னதற்கு ஏதாவது பலன் உண்டா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார் என்று எனக்குப் படுகிறது. "ஓம் அண்ணை, நீங்கள் சொன்னதாலைதான் தப்பினன்" என்று நான் சொல்லியிருந்தால் அவருக்கு அது ஆறுதலா, அடுத்த முறை வாயை மூடிக்கொள்ளக் காரணமா?

இதனால்தான் பெடியளிடம் தடுமாறுகிறேன். விற்கிறவரை நம்பாதே, அறிக்கையை நம்பு என்கிறேன். அடுத்த நிமிசமே, ஒயில் எப்போது மாற்றியது என்று கட்டாயம் அவரிடம் கேள் என்கிறேன்.

இந்த வண்டியையும் ஒருநாள் விற்கத்தான் போகிறேன். ஷொப் பில்கள் எல்லாம் ஒரு ஃபைலில் போட்டு வைத்திருக்கிறேன், ஈசிஎம் அறிக்கையும் கேட்காமலே கொடுப்பேன். ஒயில் விஷயம் கேட்டால் நிச்சயம் சொல்வேன். கேட்காதவரிடம் நானாகச் சொல்வேனா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை.