ஆர்எக்ஸ் 100-க்கு பிபி 120

இரண்டு மாதமாக என்னை ஆட்டி வைத்த ஐடிலிங் (ஆக்ஸிலேட்டர் கொடுக்காமல் இன்ஜின் நின்று ஓடுவது) பிரச்சினை நேற்று ராத்திரி தீர்ந்தது. வண்டி 1995 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100, டூ-ஸ்ட்ரோக் பைக். ட்ரையல்ஸ், அதாவது காலை ஊன்றாமல் கல் மேல் ஏற்றி இறக்குகிற போட்டிக்குப் பழகுவதற்கென்றே செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அசல் ட்ரையல்ஸ் வண்டியை இறக்குமதி செய்கிற காசுக்கு இங்கே கார் வாங்கிவிடலாம். எடை குறைவு, கீழே போட்டாலும் ஸ்பேர் கிடைக்கும் என்பதால் இதிலேயே இறங்கிவிட்டேன்.

கோளாறு இதுதான். குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக ஓடும். பத்து நிமிடம் சூடானதும் ஆக்ஸிலேட்டரை விட்டாலும் ரேஸ் இறங்காது, சில சமயம் தானாகவே ஏறும். ரோட்டில் ஓட்டுகிறவர் சமாளித்துவிடலாம். ட்ரையல்ஸில் முடியாது. காலை ஒருமுறை ஊன்றினால் 1 அபராதப் பாயிண்ட், இரண்டு முறைக்கு 2, அதற்கு மேல் எத்தனை ஊன்றினாலும் 3, முடிக்காமல் விட்டால் 5. பாதிக் கல்லில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது இன்ஜின் தானாக அலறினால் நேரே 5-தான்.

மெக்கானிக் ஒருவர், "நம்ம ஊரு ஹைட்டு சார், ஜெட் மாத்தணும்" என்றார். நானும் மண்டையை ஆட்டிவிட்டு மூன்று சைஸில் பைலட் ஜெட் (ஐடிலிங்குக்குப் பெட்ரோலை அளந்து விடுகிற கார்புரேட்டர் துளை) வாங்கினேன். கார்புரேட்டரை நான்கு முறை கழற்றினேன். பிறகுதான் உறைத்தது. பெங்களூரு 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது, சரி. உயரம் கூடினால் காற்றின் அடர்த்தி குறையும், அப்போது பெட்ரோல்தான் அதிகப்படும், பிளக் கறுக்க வேண்டும். என் பிளக்கோ சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது. எங்கிருந்தோ காற்றைத் திருட்டுத்தனமாக இழுக்கிறது என்று அர்த்தம்.

கார்புரேட்டரை இன்ஜினோடு சேர்க்கிற மேனிஃபோல்டு ரப்பரைச் சுற்றி ஸ்ப்ரே அடித்தேன். அங்கே ஓட்டை இருந்தால் ரேஸ் மாறும், மாறவில்லை. அடுத்த சந்தேகம் கிராங்க் ஆயில் சீல், அதாவது இன்ஜின் தண்டின் இரு பக்கமும் காற்று புகாமல் அடைக்கிற ரப்பர் வளையம். கிளட்ச் பக்கத்துச் சீல் போயிருந்தால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை தள்ளும். அப்படி இல்லை. மிச்சம் மறுபக்கம், ஸ்பார்க்குக்கு மின்சாரம் தருகிற மேக்னட் இருக்கும் பக்கம். ஆனால் சந்தேகத்தின் பேரில் மேக்னட்டைக் கழற்ற மனம் வரவில்லை. இன்ஜினை அடைத்துக் காற்றை ஏற்றி, இறங்குகிறதா என்று பார்க்கிற பிரஷர் டெஸ்ட் செய்ய முடிவு செய்தேன்.

அம்மா ஓய்வு பெற்ற நர்ஸ். அவருடைய பழைய டயல் வைத்த பிபி கருவி அலமாரியில் கிடந்தது. டயல் 300 வரை காட்டும், அது ஏறக்குறைய 6 பிஎஸ்ஐ. டூ-ஸ்ட்ரோக் கிராங்க்கேஸுக்கு (தண்டு சுழலும் அறை) அதற்கு மேல் அடிக்கவும் கூடாது, நல்ல சீலே பிதுங்கிவிடும். கையால் அமுக்குகிற பல்பும் கூடவே இருக்கிறது. வேறென்ன வேண்டும்? பழைய ஸ்பார்க் பிளக்கின் பீங்கானை உடைத்து எடுத்து, உள்ளே பித்தளைக் குழாயை ஒட்டி, டியூபை மாட்டினேன். சைலன்சரைக் கழற்றி எக்ஸாஸ்ட் வாயில் ரப்பர் ஷீட், மேனிஃபோல்டில் ரப்பர் கட்டை வைத்து கிளாம்ப். முந்தைய ஓனர் ஆயில் பம்பை எடுத்துவிட்டு பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஓட்டியிருக்கிறார், அந்த ஓட்டைக்கும் ஒரு மூடி. பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்துவிட வேண்டும்.

இங்கேதான் மூன்று சாயங்காலம் போனது. 260-க்கு ஏற்றினால் அரை நிமிடத்தில் 120. சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி வருவது எக்ஸாஸ்ட் ரப்பரில். அதை அடைத்தால் பிளக் குழாயில். அதையும் அடைத்தால் பல்பின் வால்விலேயே! இன்ஜினைச் சோதிப்பதற்கு முன்னால் சோதிக்கிற கருவியைத் தனியாக மூடிச் சோதிக்க வேண்டும் என்று எனக்கு மூன்றாவது நாள்தான் தோன்றியது. அம்மா எட்டிப் பார்த்து, "120-ஆ? நார்மல்தானேடா" என்றுவிட்டுப் போனார்.

கடைசியில் மேக்னட்டுக்குப் பின்னாலிருந்து பொரபொரவென்று நுரை வந்தது. பிடித்தேன்!

புல்லர் போட்டு மேக்னட் எடுத்து, பிளேட்டில் கோடு கீறிவிட்டு (இல்லாவிட்டால் ஸ்பார்க் டைமிங் போய்விடும்) கழற்றினேன். சீல் பிளாஸ்டிக் மாதிரி விறைத்திருந்தது. முகத்தில் சின்ன ஓட்டை போட்டு, ஸ்க்ரூ ஏற்றி, பிளையரால் இழுத்தால் வந்துவிடும். டிரில் முனையில் கிரீஸ் தடவிக்கொள்ளுங்கள், தூள் பேரிங்கில் விழக் கூடாது. கிராங்க் தண்டில் நகத்தால் வருடினால் பழைய சீல் தேய்த்த பள்ளம் தட்டுப்பட்டது. அதனால் புதுச் சீலை ஒரு மில்லிமீட்டர் குறைவாகவே உள்ளே தள்ளினேன், உதடு புது இடத்தில் உட்காரட்டும் என்று. சீலைத் தட்டி ஏற்றப் பிவிசி குழாய்த் துண்டுதான் பஞ்ச்.

சீல் வாங்கியது ஜே.சி. ரோட்டில். கறுப்பு நைட்ரைல் ரப்பர் வேண்டாம் என்று பழுப்பு வைட்டான் ரப்பர் கேட்டு வாங்கினேன். 2023 பிப்ரவரியில் இ20 பெட்ரோலை (20 சதவீதம் எத்தனால் கலந்தது) தொடங்கி வைத்ததே நம் ஊரில்தான், அதற்குப் பழைய ரப்பரை நம்ப எனக்குத் தைரியமில்லை. அப்படியே சிவாஜிநகர் குஜிரியில் (பழைய சாமான் சந்தை) சின்ன முன் ஸ்ப்ராக்கெட் (செயின் பல் சக்கரம்) ஒன்று கிடைத்தது. ட்ரையல்ஸ் டயர் 4.00-18, நம் பின் சக்கரமும் 18 இன்ச்தான், ஆனால் அந்த அகலம் ஸ்விங் ஆர்முக்குள் நுழையாது. அதற்கு ஒரு வெல்டரைப் பிடிக்க வேண்டும்.

மறுபடி டெஸ்ட். 260, ஐந்து நிமிடம் அசையவில்லை. "மனுஷனா இருந்தா ஸ்ட்ரோக் வந்திருக்கும்டா" என்றார் அம்மா. அதனால்தான் டூ-ஸ்ட்ரோக் என்றேன்.

ராத்திரி பத்தே முக்காலுக்கு இரண்டாவது கிக்கில் பிடித்தது. கால் மணி நேரம் சூடாக்கியும் ரேஸ் இறங்கி டப் டப் என்று நின்று ஓடியது. மேல் வீட்டு ஜன்னல் திறந்ததும் அணைத்துவிட்டேன். மேக்னட் கவரில் ஒரு ஸ்க்ரூவுக்கு மரை போயிருக்கிறது, இப்போதைக்கு டேப் ஒட்டியிருக்கிறேன். பிபி கருவியைத் திருப்பி வைத்தாயிற்று, டியூபில் டூ-டி ஆயில் வாசனை மட்டும் போகவில்லை.