குங்கிலிய வெண்ணெயும் அம்மாவின் பாதங்களும்

ஜனவரி 4, 2025, சனி

மார்கழி வந்தால் அம்மாவின் குதிகால் வெடித்துவிடும். விடியலில் ஈரத்தரையில் நின்று கோலம் போடுவாள். தை பிறப்பதற்குள் வெடிப்பில் ரத்தம் கசியும். இந்த வருடம் கடைக் களிம்பு வேண்டாம் என்று, பாட்டி செய்கிற குங்கிலிய வெண்ணெயை நானே செய்தேன். நாட்டுமருந்துக் கடையில் வாங்கிய குங்கிலியம் என்கிற மரப்பிசின் 50 கிராம். இடித்துச் சலித்து, 200 மில்லி நல்லெண்ணெயில் சிறுதீயில் உருக்கி, துணியில் வடிகட்டி, ஆறியதும் தண்ணீர் விட்டுக் கையால் அடித்துக் கழுவ வேண்டும். தண்ணீரை மாற்றி மாற்றி நூறு தடவை என்பது பாட்டியின் கணக்கு. எனக்கு அறுபதிலேயே கை கடுத்துவிட்டது. ஆனாலும் வெள்ளை வெளேரென்று திரண்டு வந்தது.

எண்ணெய் காயும்போது மட்டும் டர்பன்டைன் மாதிரி ஒரு நெடி. பாட்டி செய்யும்போது அப்படி அடித்ததாக ஞாபகம் இல்லை.

ஜனவரி 6, திங்கள்

இரண்டு ராத்திரியாகப் போடுகிறாள். குதிகால் மெத்தென்று இருக்கிறதாம். சந்தோஷம்.

ஜனவரி 9, வியாழன்

அம்மாவின் இரண்டு பாதமும் சிவந்து வீங்கியிருக்கின்றன. குதிகாலில் ஆரம்பித்தது, மருந்தே படாத புறங்கால் வரை ஏறி, பொடிப்பொடியாக நீர்க்கொப்புளம். முந்தாநாளே அரிப்பு தொடங்கிவிட்டதாம். நான் மெனக்கெட்டுச் செய்தது என்பதால் சொல்லவில்லையாம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அத்தை போனில், "அது உள்ள இருக்கிற கெட்டதெல்லாம் வெளிய வருதுடி, விடாம போடு" என்றாள். நான் கேட்கவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு போக மெதுவாகக் கழுவி, டப்பாவை எடுத்து ஒளித்து வைத்துவிட்டேன்.

ஜனவரி 11, சனி

தோல் மருத்துவர் பாதத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "இதுக்கு முன்னாடி பிளாஸ்திரி ஒட்டி எங்கயாவது தடிச்சிருக்காம்மா?" அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மூன்று வருடத்துக்கு முன் முழங்கால் அறுவைக்குப் பிறகு, கட்டுப் போட்ட இடத்தில் சதுரமாகத் தடித்தது. வியர்வை என்று நினைத்து விட்டுவிட்டோம்.

சில பிளாஸ்திரிகளின் பசையில் பைன் மரப் பிசின் இருக்கும் என்றார். பசை நன்றாகப் பிடிக்க அடியில் தடவும் டிங்க்சர் பென்சாயினும் பிசின்தான். நாம் புகை போடும் சாம்பிராணியை ஆல்கஹாலில் கரைத்தது. உடம்பு ஒரு பிசினை ஒருமுறை எதிரியாகக் குறித்துக்கொண்டால் மறக்காது. அடுத்த தடவை ஓரிரு நாளிலேயே பொங்கும். வெறும் எரிச்சல் என்றால் மருந்து பட்ட இடத்தோடு நிற்கும். ஒவ்வாமை அந்த எல்லையைத் தாண்டிப் பரவும். அதோடு, வெடித்த தோலில் எதைத் தடவினாலும் சுலபமாக உள்ளே போய்விடும்.

ஸ்டீராய்டு களிம்பு எழுதிக் கொடுத்தார். கசிவு நிற்கும்வரை உப்புநீரில் நனைத்த துணியால் ஒத்தடம்.

ஜனவரி 12, ஞாயிறு

தூக்கம் வரவில்லை. செடியிலிருந்து வந்தது, ஒன்றும் செய்யாது என்று எத்தனை பேரிடம் நானே சொல்லியிருக்கிறேன். மரம் பிசினை நமக்காகவா சுரக்கிறது? பட்டையில் வெட்டு விழுந்தால் அதை மூடவும், பூச்சியையும் பூஞ்சையையும் விரட்டவும் சுரக்கிறது. சின்ன வயதில் காம்புப் பால் வடியும் மாங்காயைக் கடித்து வாயோரம் வெந்தது நினைவிருக்கிறது. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்கள் அதன் ஓட்டிலிருக்கும் எண்ணெய்க்குப் பயந்து கையில் சாம்பல் பூசிக்கொள்வார்கள், அப்படியும் விரல் கறுத்துத் தோல் உரியும். வண்ணார் துணிக்குக் குறி போடும் சேங்கொட்டைச் சாறும் இந்த வகைதான். இரண்டாம் உலகப் போரில் இந்தியாவில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்குச் சட்டையில் குறி பட்ட இடத்தில் புண் வந்ததை 1943லேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். இவ்வளவும் கண்ணெதிரே இருந்தும் எனக்குத் தோன்றவில்லையே.

குங்கிலிய வெண்ணெய் சித்த மருத்துவத்தில் புண்ணுக்கும் தீக்காயத்துக்கும் போடுகிற மருந்து. பாட்டிக்கு அது கேட்டது பொய்யில்லை. என் தப்பு, அம்மாவின் தோலைக் கேட்காமல் போட்டது.

ஜனவரி 18, சனி

மீந்த கட்டிகளோடு கடைக்குப் போனேன். சில கட்டிகள் வெளிர்மஞ்சளாக மங்கி இருந்தன, சில தேன் நிறத்தில் கண்ணாடி மாதிரி. "அது ரோசின்மா. சாமிக்குப் புகை போடத்தானே வாங்குறாங்க, கலந்துதான் வரும்" என்றார் கடைக்காரர், சாதாரணமாக.

டாக்டர் சொன்ன அந்தப் பைன் மரப் பிசினைக் காய்ச்சி டர்பன்டைனை இறக்கிய பின் மிஞ்சுவதுதான் ரோசின். அன்றைய நெடி அதனுடையது. காற்றுப் பட்டுப் பழசாகும்போது அதில் உண்டாகும் பொருட்கள்தான் தோலை அதிகம் கிளறுமாம். திறந்த சாக்கில் எத்தனை மாதம் கிடந்ததோ.

ஜனவரி 27, திங்கள்

பாதம் ஆறிவிட்டது. இன்று பேட்ச் டெஸ்ட், அதாவது எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை. அம்மாவின் முதுகில் வரிசையாகச் சின்னச் சின்ன வட்டங்கள். அதில் ஒன்றில் என் வெண்ணெய். இரண்டு நாள் முதுகில் தண்ணீர் படக்கூடாது.

ஜனவரி 29, புதன்

பிரித்துப் பார்த்தார்கள். இரண்டு மூன்று இடம் லேசாகச் சிவந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை மறுபடி பார்த்தால்தான் உறுதியாம்.

ஜனவரி 31, வெள்ளி

ரோசின்: நல்ல தடிப்பு, நடுவில் கொப்புளம். பெரு பால்சம்: சிவப்பு. என் வெண்ணெய்: அதுவும் தடிப்பு. பெரு பால்சம் என்கிற மரப்பிசின் பெயரில்தான் பெரு, வருவது எல் சால்வடாரிலிருந்து. அதற்கு ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சாம்பிராணி, டிங்க்சர் பென்சாயின் வகைகளும் சேராமல் போகலாம் என்றார்.

வீட்டு வைத்தியமே கூடாதா டாக்டர் என்று கேட்டேன். அப்படிச் சொல்லவில்லை அவர். எதையும் முதலில் முழங்கையின் உள்பக்கம் ஒரு ரூபாய் அளவுக்கு, தினம் இரண்டு வேளை, ஒரு வாரம் தடவிப் பார்க்கச் சொன்னார். அரித்தால் அன்றோடு விட்டுவிட வேண்டும். புண்ணிலோ, கண்ணுக்குப் பக்கத்திலோ, குழந்தை தோலிலோ பிசின் வேண்டவே வேண்டாம்.

பிப்ரவரி 2, ஞாயிறு

அம்மா இப்போது ராத்திரி வெதுவெதுப்பான தண்ணீரில் காலை ஊறவைத்து, துடைத்து, வெறும் வாசலின் தடவி சாக்ஸ் போட்டுக்கொள்கிறாள். வெடிப்பு மூடி வருகிறது. தம்பி மொபைல் ரிப்பேருக்கு ஈயம் பற்றவைக்கும் பேஸ்ட்டிலும் ரோசின்தான். அவன் மேஜையை மாடிக்கு மாற்றிவிட்டோம். பார்லர் வாக்சிங் மெழுகிலும் இருக்கும் என்பதால் எனக்கும் கொஞ்சம் பயம்.

அடுத்த மாதம் அம்மாவுக்குக் கண்புரை அறுவை. கண்ணுக்கு மேல் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரிதான் ஒட்டுவார்கள். "ரோசின், பெரு பால்சம், டிங்க்சர் பென்சாயின் ஒத்துக்கொள்ளாது" என்று தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி, அம்மா பர்ஸில் பேரன் போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போனதும் முதலில் அதைக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.