ஸ்வால்பார்டுக்கு விசா வேண்டாம், ஆனால் விசா வேண்டும்

ஸ்வால்பார்டுக்குப் போக எந்த நாட்டுக்காரருக்கும் விசா தேவையில்லை. அதை நம்பித்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

நார்வேக்கும் வட துருவத்துக்கும் நடுவே கிடக்கிற தீவுக்கூட்டம் அது. பாதிக்கு மேல் பனியாறு. 1596-ல் டச்சு மாலுமி பாரென்ட்ஸ் பார்த்துச் சொன்ன பிறகு திமிங்கல வேட்டைக்காரர்கள் வந்தார்கள், பின்னால் நிலக்கரிக்காரர்கள். யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்த மண்ணை 1920-ல் பாரிசில் போட்ட ஒப்பந்தம் நார்வேக்குக் கொடுத்தது. கையெழுத்திட்ட நாட்டவர்கள் அங்கே போய்த் தொழில் செய்யலாம் என்ற நிபந்தனையோடு. பிரிட்டிஷ் இந்தியாவும் அதில் உண்டு. நம்மைக் கேட்டா கையெழுத்துப் போட்டார்கள்? போகட்டும், பலன் நமக்கும்தான்.

சிக்கல் வழியில் இருக்கிறது. விமானம் நார்வே வழியாகத்தான். ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குள் போய்வர விடும் பகுதிக்குப் பெயர் ஷெங்கன். நார்வே ஷெங்கனுக்குள், ஸ்வால்பார்டு ஷெங்கனுக்கு வெளியே. தீவுக்குப் போனால் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. திரும்பும்போது மறுபடி நுழைய வேண்டும். ஆக, இரண்டு முறை நுழைய அனுமதிக்கும் விசா.

என் ஏஜென்ட், "டூர்தானே சார், சிங்கிள் என்ட்ரி போதும்" என்று டிக் அடித்துவிட்டார். நானும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். பாஸ்போர்ட் கைக்கு வந்தபோது ஸ்டிக்கரில் '01'. மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம், டிக்கெட் தேதி மாற்றியதற்குத் தனி தண்டம். இந்த முறை கவரிங் லெட்டரின் முதல் வரியிலேயே ஸ்வால்பார்டு என்று எழுதி, போக வர இரண்டு விமானங்களையும் மஞ்சள் மார்க்கரால் கோடிட்டேன். '02' வந்தது.

வட நார்வேயின் டிரோம்ஸோவில் எல்லோரையும் இறக்கிவிட்டு பாஸ்போர்ட் பார்த்து, அதே விமானத்தில் திரும்ப ஏற்றினார்கள். ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான லாங்யியர்பியனில் பாஸ்போர்ட்டை யாரும் கேட்கவில்லை. விடுதி வாசலில் ஷூவைத்தான் கழற்றச் சொன்னார்கள். சுரங்கத் தொழிலாளர்கள் கரித்தூசியோடு வந்த காலத்துப் பழக்கமாம். நம் வீட்டு வாசல் மாதிரி இருந்தது. மலைச்சரிவில் நிலக்கரி வாளிகள் கம்பியில் தொங்கியபடி போய்வந்த காலத்து மரத்தூண்கள் அப்படியே நிற்கின்றன. 1946-க்கு முந்தையது எதுவானாலும் தொடக்கூடாது, துருப்பிடித்த ஆணியைக்கூட. ஊரைத் தாண்டினால் பனிக்கரடி பயம், துப்பாக்கி வைத்திருக்கும் வழிகாட்டியோடுதான் போனோம். அதே தீவுக்கூட்டத்தின் நி-ஓலசுன்டில் 2008 முதல் இருக்கும் நம் ஹிமாத்ரி ஆராய்ச்சி நிலையத்தைப் பார்க்க ஆசைதான், ஆனால் அங்கே போக சாலையே கிடையாது.

திரும்பும்போது ஓஸ்லோவில் அதிகாரி அந்த '02'-ஐ ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். ஏஜென்டுக்கு அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினேன். கட்டைவிரல் உயர்த்திய பொம்மை ஒன்று பதிலாக வந்தது.