ஏலரான் சர்வோக்களைப் பொருத்திய இரண்டு மாலைகள்

ரேடியோவால் இயங்கும் என் மாதிரி விமானத்தில், ஏலரான்களை (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க இறக்கையின் பின்பக்கத்தில் மேலும் கீழும் அசையும் பலகைகள்) இயக்கும் 9 கிராம் சர்வோக்களை (கட்டளைப்படி திரும்பி நிற்கும் சிறு மோட்டார்கள்) இறக்கையின் இரு பாதிகளிலும் பொருத்தி முடிக்க இரண்டு மாலைகள் ஆயின. அவற்றில் முதல் மாலையின் பெரும்பகுதி, இடப்பக்கத்தில் செய்ததைப் பிரித்து மறுபடியும் செய்வதிலேயே கழிந்தது.

சர்வோவை நடுநிலைக்குக் கொண்டுவராமலே அதன் தண்டில் ஆர்மை (சர்வோவோடு திரும்பும் சிறு கை) மாட்டியதுதான் பிழை. புரொபெல்லரைக் கழற்றி வைத்துவிட்டு ரிசீவருக்கு மின்சாரம் கொடுத்தபோது, ஆர்ம், ஏலரானைத் தள்ளி இழுக்கும் கம்பியான புஷ்ராடுக்குச் செங்குத்தாக நிற்காமல் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு முன்பக்கம் சாய்ந்திருந்தது. அவ்வளவு சாய்வையும் டிரான்ஸ்மிட்டரில் நடுநிலையை நகர்த்தும் சப்டிரிம் அமைப்பில் சரிசெய்தால் ஒரு பக்கத்து அசைவு குறைந்துபோகும் என்பதால், நடுநிலைக்குரிய 1500 மைக்ரோ விநாடித் துடிப்பில் சர்வோவை நிறுத்தி, ஆர்மைக் கழற்றி மாட்டிப் பார்த்தேன். இந்த சர்வோவின் தண்டில் 21 பற்கள் இருப்பதால், ஒரு பல் தள்ளினால் ஏறத்தாழ 17 பாகை மாறிவிடுகிறது. சாய்வோ அதில் பாதிதான். பற்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருப்பது இங்கேதான் கைகொடுத்தது. இருபுறமும் நீண்ட ஆர்மைத் திருப்பி, மறுமுனையைப் பயன்படுத்தியதும் அரைப் பல் அளவுக்கு விலகல் கிடைத்தது. ஆர்ம் செங்குத்தாக நின்றது. வேண்டாத முனையை அதன் பிறகே வெட்டினேன்.

சர்வோவின் உடலைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் எபாக்சி தடவி இறக்கைக் குழியில் அமர்த்தினேன். பழுதானால் டேப்பைக் கிழித்து எடுத்துவிடலாம். சூட்டுப் பசை வெயிலில் இளகும் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

புஷ்ராடு நுழையும் துளை 1.2 மி.மீ. கம்பிக்கு 1.5 மி.மீ. ஆக இருந்ததால், ஏலரானின் பின்விளிம்பு விரல் பட்டாலே ஆடியது. வேகத்தில் பறக்கும்போது இந்த ஆட்டமே படபடப்பாக மாறிக் கீலைப் பிய்த்துவிடக்கூடும் என்பதால், அதை அப்படியே விட மனம் வரவில்லை. புதிய ஆர்மில் 1.2 மி.மீ. துளையிட்டு, ஆர்மில் உள்துளையையும், புஷ்ராடின் மறுமுனை சேரும் ஏலரானின் நெம்புகோலான ஹார்னில் வெளித்துளையையும் தேர்ந்தெடுத்தேன். அசைவு குறைந்தாலும் பிடிப்பு கூடியது, ஆட்டமும் அடங்கியது.

வலப்பக்கத்தில் இதே வரிசையில் செய்தபோது ஒரு மணி நேரமே பிடித்தது. ஹார்னின் துளைகள் கீல் கோட்டுக்கு நேர் கீழே வருமாறு வைத்ததால், இரு ஏலரான்களும் மேலும் கீழும் 12 மி.மீ. வீதம் சமமாக அசைகின்றன. விமானத்தின் பின்னால் நின்று டிரான்ஸ்மிட்டரின் குச்சியை வலப்பக்கம் தள்ளினேன். வல ஏலரான் மேலே எழுந்தது. முழு அசைவில் நிறுத்திக் காதை அருகில் வைத்துப் பார்த்தேன். எந்த சர்வோவும் திணறி முனகவில்லை.