அம்பாசிடருக்கு முன்னால் டிஸ்க், பின்னால் டிரம்: பிரேக்கைப் பங்கிட்ட அனுபவம்

1978 அம்பாசிடரின் முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக் ஏற்றியாயிற்று. பிரேக் ஆயிலைப் பைப்புகளில் தள்ளும் இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டரும், மிதிக்கும் விசையைக் கூட்டும் பூஸ்டரும் மாட்டியாயிற்று. பின்னால் பழைய டிரம்தான். வண்டி நன்றாக நிற்கிறது. ஆனால் ஓங்கி மிதித்தால் பின்சக்கரங்கள் முதலில் சுழலாமல் பூட்டிக்கொண்டு வண்டியின் பின்பகுதி பக்கவாட்டில் விலகுகிறது. இதைச் சரிசெய்யாமல் குடும்பத்தை ஏற்றுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். முன்சக்கரம் பூட்டினால் ஸ்டியரிங் கேட்காது, ஆனாலும் வண்டி நேராகத்தான் சறுக்கும். பின்சக்கரம் பூட்டினால் வண்டியே சுற்றிவிடும்.

காரணம் எளிது. டிரம்மின் உட்புறத்தை உரசிப் பிடிக்கும் ஷூக்களில் முன்பக்க ஷூவைச் சுழலும் டிரம்மே இழுத்து மேலும் இறுக்கிவிடும். டிஸ்க்குக்கு அந்தக் குணம் கிடையாது, அதிக அழுத்தம் கொடுத்தால்தான் பிடிக்கும். அதற்காக மாட்டிய பூஸ்டர் பின்பக்கப் பைப்பிலும் அதே அழுத்தத்தை ஏற்றிவிடுகிறது. இதில் பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதும் சேர்ந்துகொள்கிறது.

அந்தச் சாய்வை ஊகத்துக்கு விட மனமில்லை. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு அரிசி ஆலையின் எடைமேடையில் முதலில் முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி நிறுத்தினேன், பிறகு பின்சக்கரங்களை. நான் உட்கார்ந்த நிலையில் முன்னால் 670 கிலோ, பின்னால் 560 கிலோ. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 2464 மி.மீ. எடை மையத்தின் உயரத்தைச் சுமார் 55 செ.மீ. என்று வைத்துக்கொண்டேன். காய்ந்த தார்ச்சாலையில் 0.7 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் ஏழு பங்கு) அளவுக்குப் பிரேக் பிடித்தால் ஏறக்குறைய 190 கிலோ முன்னால் போய்விடும். பின்சக்கரங்களில் மிஞ்சுவது 370 கிலோதான். மூன்றில் ஒரு பங்கு எடை குறைந்த சக்கரத்துக்குப் பழைய அழுத்தத்தையே கொடுத்தால் அது பூட்டாமல் என்ன செய்யும்?

பின்பக்கப் பைப்பின் குறுக்கே, பின்பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்கும், கையால் திருகும் புரொபோர்ஷனிங் வால்வு ஒன்றைப் போட்டேன். மெக்கானிக் அண்ணாச்சி, "முழுக்கக் குறைத்துவிடுங்கள் தம்பி, பின்னால் பூட்டவே பூட்டாது" என்றார். அதில் எனக்கு உடன்பாடில்லை. பின்பிரேக் சும்மா இருந்தால் மலை இறக்கத்தில் முழுச் சுமையும் முன் டிஸ்க்கின் தலையில் விழும், பிரேக் ஆயில் கொதிக்கும். டாட் 3 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி, ஈரம் உறிஞ்சிய பின் 140 வரை இறங்கலாம். டாட் 4 என்றால் 230, 155. நான் டாட் 4 ஊற்றினேன்.

வால்வில் கை வைக்கும் முன் பின் ஷூக்களை டிரம்மில் லேசாக உரசும் அளவுக்கு அட்ஜஸ்ட் செய்து, நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்தோம், அதாவது பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றினோம். இதைச் செய்யாமல் வால்வைத் திருகினால் வால்வு எதைத் திருத்துகிறது என்றே தெரியாது. பிறகு முன்னும் பின்னும் பிரஷர் கேஜ் மாட்டிப் பெடலை மிதித்தேன். 20 பார் வரை இரண்டு முள்ளும் சேர்ந்தே ஏறின. அதற்கு மேல் முன்முள் விரைய, பின்முள் மெதுவாகத் தொடர்ந்தது. முன்னால் 60 காட்டியபோது பின்னால் 37. இந்த வகை வால்வில் குமிழைத் திருகினால் மாறுவது அந்த 20 என்ற திருப்புமுனைதான். அதற்கு மேல் அழுத்தம் ஏறும் விகிதம் மாறாது.

ஓட்டிப் பார்க்கப் பாளையங்கோட்டைக்கு வெளியே வீடுகள் எழும்பாத மனைப்பிரிவுச் சாலை கிடைத்தது. மைத்துனர் ஓரமாக நின்று சக்கரங்களை செல்போனில் படமெடுத்தார். காலி வண்டி, காய்ந்த சாலை, 40 கி.மீ. வேகம். முன்சக்கரங்கள் ஒரு கணம் முந்திப் பூட்டும்வரை வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினோம். அதன் பிறகே வேகத்தைக் கூட்டினோம்.

"சாரல் காலத்தில் குற்றாலம் ரோட்டில் வைத்துப் பார்க்கலாமே, மாப்பிள்ளை" என்றார் மைத்துனர். ஈரச்சாலையில் பிடிமானம் குறைவு, வண்டியின் வேகம் மெதுவாகவே குறையும். அதனால் எடை அவ்வளவாக முன்னால் சாயாது, பின்சக்கரம் தரையை விடாது. அங்கே சரியென்று வைத்த அளவு வெயிலில் காய்ந்த சாலைக்கு அதிகமாகிவிடும். காலி வண்டியும் காய்ந்த சாலையும்தான் கடும் சோதனை. பின்சீட்டில் மூன்று பேர் ஏறினால் பின்பிரேக் கொஞ்சம் குறைவாகத் தோன்றும். சுமையைப் பார்த்துத் தானே மாறும் வால்வு சில வேன்களில் உண்டு, என்னுடையது அப்படியல்ல. அந்தக் குறையை நான் மனமறிந்து ஏற்கிறேன்.

சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போய்விட்டு பாபநாசம் இறங்கியபோது பெடல் கடைசிவரை கெட்டியாகவே நின்றது. அடிவாரத்தில் வண்டியை நிறுத்திப் பின் டிரம்களின் அருகே கை நீட்டிப் பார்த்தேன், இரண்டு பக்கமும் ஒரே அளவு சூடு. குமிழ் நிற்கும் இடத்தில் பெயின்டால் கோடு போட்டு, கம்பியால் கட்டிவிட்டேன். பின் அச்சுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் பழையது. அடுத்து அதை மாற்றி, ஏர் எடுத்து, கேஜில் இதே அளவு வருகிறதா என்று பார்க்க வேண்டும்.