கடலில் நின்ற ஈஃபில் கோபுரம்

மார்ச் 3, இரவு

பழைய வரைபடச் செயலி ஒன்று கைக்கு வந்திருக்கிறது. வலைப்பக்கத்தில் வரைபடம் காட்ட உதவும் லீஃப்லெட் என்ற நிரலகத்தில் எழுதியது, ஐந்து வருடமாக யாரும் தொடவில்லை. செய்ய வேண்டியது இரண்டே வேலை: நடைபாதைகளுக்கு ஓர் அடுக்கு சேர்ப்பது, பொத்தான்களைத் தமிழாக்குவது. ஒரு மாலை போதும் என்று நினைத்து உட்கார்ந்தேன்.

நிரலைச் சேமித்துவைத்திருக்கும் கிட்டிலிருந்து இறக்கி, தேவையான தொகுப்புகளை நிறுவும் என்பிஎம் இன்ஸ்டால் கட்டளையை அடித்தேன். திரை முழுக்கச் சிவப்பு. கடைசி வரி, பதிவுக் கோப்பைப் பார் என்கிறது. பதிவுக் கோப்போ ஒரு நாவல் நீளம். மேலும் கீழும் உருட்டியதில் கண்ணில் பட்டது, பைத்தான் கிடைக்கவில்லை என்ற வரி. பைத்தான் இருக்கிறதே! 3.12. காலையில்கூட அதில் வேலை செய்தேன்.

மார்ச் 4

இன்று பதிவை மேலிருந்து படித்தேன். அது தேடுவது பைத்தான் 2. ஜனவரி 1, 2020 அன்றே ஆதரவு முடிந்துபோன பதிப்பு.

வரைபடத்துக்குப் பைத்தான் எதற்கு? நேரடியாகத் தேவையில்லை. நிறங்களையும் அளவுகளையும் எழுதிவைத்திருக்கும் சாஸ் கோப்புகளைச் பிரவுசருக்குப் புரியும் சாதாரண சிஎஸ்எஸ் ஆக்க நோட்-சாஸ் என்ற தொகுப்பு இருக்கிறது. அதன் உள்ளே இருப்பது சி++ நிரல். நம்மிடம் இருக்கும் நோட் (ஜாவாஸ்கிரிப்டைப் பிரவுசருக்கு வெளியே ஓட்டும் மென்பொருள்) பதிப்புக்கு ஏற்கெனவே தொகுத்து வைத்த கோப்பு கிடைத்தால் அதை இறக்கிக்கொள்ளும். கிடைக்காவிட்டால் இங்கேயே தொகுக்கப் பார்க்கும். அந்த வேலையைச் செய்யும் பழைய கருவிதான் பைத்தான் 2 கேட்கிறது.

என் கணினியில் நோட் 20. இந்தப் பழைய நோட்-சாஸுக்கு 20-ஐத் தெரியவே தெரியாது. கோளாறு பைத்தானில் இல்லை, நோட் பதிப்பில்தான் என்று இந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நோட்-சாஸைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் புதிய சாஸ் தொகுப்பை மாட்டினேன். மஞ்சள் எச்சரிக்கைகள் மழையாகப் பெய்தாலும் நிறுவல் முடிந்தது. வெற்றி என்று நினைத்துத் தூங்கப் போனேன்.

மார்ச் 5

வெற்றியெல்லாம் இல்லை. செயலியை ஓட்டினால் 'டிஜிட்டல் என்வலப் ரொட்டீன்ஸ், அன்சப்போர்ட்டட்' என்று வந்து நிற்கிறது. நான் கேட்டது வரைபடம், இது ஏதோ உறையைப் பற்றிப் பேசுகிறது.

தேடியதில் புரிந்தது இது. செயலியின் கோப்புகளைக் கட்டித் தரும் வெப்பேக் 4, அந்தக் கோப்புகளுக்கு அடையாளக் குறி போட எம்டி4 என்ற பழைய கணக்கு முறையைப் பயன்படுத்துகிறது. குறியாக்க நிரலகமான ஓப்பன்எஸ்எஸ்எல் 3 வந்தபோது எம்டி4-ஐப் பழைய சாமான் அறைக்குத் தள்ளிவிட்டார்கள். 2021-இல் வந்த நோட் 17 முதல் உள்ளே இருப்பது அந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 3. அந்த அறையின் கதவைத் திறந்துவிட ஒரு சூழல் மாறி உண்டு: நோட் ஆப்ஷன்ஸில் 'ஓப்பன்எஸ்எஸ்எல் லெகசி புரொவைடர்' என்று சேர்த்தால் போதும். சேர்த்தேன், ஓடியது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. நேற்று ஒன்றைக் கழற்றினேன், இன்று ஒன்றுக்கு ஒட்டுப் போட்டேன். நடைபாதை அடுக்கில் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை.

மார்ச் 6

தலைவலி. கணினியைத் திறக்கவில்லை.

மார்ச் 7

பக்கம் திறக்கிறது. பெரிதாக்கும் பொத்தான், சிறிதாக்கும் பொத்தான், நடுவில் வெறும் சாம்பல் நிறம். சோதனைக்காக, முதலில் திறக்கும் இடமாக ஈஃபில் கோபுரத்தைக் கொடுத்திருந்தேன். கோபுரமும் இல்லை, பாரிஸும் இல்லை.

வழக்கமாக நான் செய்யும் தவறு, வரைபடப் பெட்டிக்கு உயரம் கொடுக்க மறப்பது. லீஃப்லெட் தானாக உயரம் எடுத்துக்கொள்ளாது, பெட்டி பூஜ்யம் பிக்சலில் படுத்துவிடும். ஆனால் இங்கே சாம்பல் நிறம் தெரிகிறது என்றால் பெட்டி இருக்கிறது, வரைபடத்தின் சதுரப் படத் துண்டுகளான டைல்கள்தான் வரவில்லை. பிரவுசரின் நெட்வொர்க் பகுதியைத் திறந்தேன். வரிசையாக 404, அதாவது 'கிடைக்கவில்லை'. முகவரிகளின் வால் சரியாகவே இருந்தது: 12/2074/1409. பெரிதாக்க நிலை 12, குறுக்கே 2074-ஆவது டைல், மேலிருந்து கீழே 1409-ஆவது டைல். பாரிஸ்தான், சந்தேகமில்லை. ஆனால் சர்வர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'அன்டிஃபைன்ட்' (மதிப்பு இல்லை) என்று இருந்தது.

அப்படியென்றால் சர்வர் முகவரியைச் சூழல் கோப்பிலிருந்து எடுக்கிறது, அந்தக் கோப்பு என்னிடம் இல்லை. மாதிரி ஏதாவது இருக்குமா என்று, புள்ளியில் தொடங்கும் மறைந்த கோப்புகளையும் சேர்த்துப் பட்டியலிட்டேன். மாதிரிக் கோப்பு இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் இருந்தது: புள்ளி என்விஎம்ஆர்சி, எந்த நோட் பதிப்பு வேண்டும் என்று எழுதிவைக்கும் கோப்பு. திறந்து பார்த்தேன். உள்ளே இரண்டே இலக்கம்.

14.

மூன்றாம் தேதியிலிருந்து அது அங்கேயேதான் இருந்திருக்கிறது.

மார்ச் 8

கிட்டில் எல்லா மாற்றத்தையும் பழையபடி திருப்பினேன். நான் போட்ட ஒட்டுகள் மட்டுமல்ல, தொகுப்புகளின் சரியான பதிப்புகளைக் குறித்துவைக்கும் பூட்டுக் கோப்பும் மாறிப்போயிருந்தது. என் புதிய என்பிஎம் அதைச் சத்தமில்லாமல் புது வடிவத்துக்கு மாற்றி எழுதியிருக்கிறது. நோட் பதிப்புகளை மாற்றித் தரும் என்விஎம் கருவியை நிறுவி 14-ஐ இறக்கினேன். பதிப்பு எண்ணைக் கேட்டால் மறுபடியும் 20! டெர்மினலை மூடித் திறந்த பிறகுதான் 14 என்றது. இந்த முறை இன்ஸ்டால் அடிக்காமல், பூட்டுக் கோப்பில் இருப்பதை அப்படியே நிறுவும் என்பிஎம் சிஐ அடித்தேன். நோட்-சாஸ் தனக்கான கோப்பைத் தானே இறக்கிக்கொண்டது. பைத்தான் என்ற பேச்சே இல்லை. மொத்தம் இரண்டு நிமிடம்.

நோட் 14-க்கு 2023 ஏப்ரலோடு ஆதரவு முடிந்துவிட்டது. என் கணினியில் வைத்துத் திருத்தம் செய்யச் சரி, நிரந்தரமாக இதில் குடியிருக்க முடியாது. வெப்பேக்கை உயர்த்துவது தனி வேலை. அதை இந்த வேலையோடு கலக்கப் போவதில்லை.

மார்ச் 10

ஒருவழியாக நடைபாதை அடுக்கு. பாதைகளின் ஆயத்தொலைவுகள் இருக்கும் ஜியோஜேசான் கோப்பை ஏற்றுவதற்கு முன் ஈஃபில் கோபுரத்தை மட்டும் ஒரு புள்ளியாகப் போட்டுப் பார்த்தேன். வரைபடம் பாரிஸில் சரியாகத் திறக்கிறது, புள்ளியைத்தான் காணவில்லை. சிறிதாக்கினேன், இன்னும் சிறிதாக்கினேன், கண்டம் தெரியும் அளவுக்குப் போன பிறகு கிடைத்தது. சோமாலியாவுக்குக் கிழக்கே, நடுக்கடலில் கோபுரம்.

ஜியோஜேசானில் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பிறகு. 2016-இல் வந்த ஆர்எஃப்சி 7946 என்ற தரநிலை ஆவணம் அப்படித்தான் சொல்கிறது. லீஃப்லெட்டின் மார்க்கருக்கு நேர்மாறு, அட்சரேகைதான் முதலில். 48.86-ஐயும் 2.29-ஐயும் இடம் மாற்றினால் பாரிஸ் கடலுக்குப் போய்விடும். லீஃப்லெட்டின் ஜியோஜேசான் செயல்கூறு இந்த வரிசையைத் தானே மாற்றிக்கொள்ளும். நான்தான் கெட்டிக்காரத்தனமாக லூப் போட்டு, ஒவ்வொரு புள்ளியையும் கையால் மார்க்கருக்குக் கொடுத்தேன்.

அப்புறம் உண்மையான கோப்பை ஏற்றினால் ஒரு பாதையும் எங்கும் தெரியவில்லை. கோப்பைத் திறந்து பார்த்தால் எண்களெல்லாம் லட்சங்களில். மீட்டர்! பூமியைத் தட்டையாக்கி மீட்டரில் சொல்லும் வெப் மெர்கேட்டர் முறை, அதன் எண் இபிஎஸ்ஜி 3857. அதில் ஈஃபில் கோபுரம் கிழக்கே சுமார் 2 லட்சத்து 55 ஆயிரம் மீட்டர், வடக்கே சுமார் 62 லட்சத்து 50 ஆயிரம் மீட்டர். லீஃப்லெட் எதிர்பார்ப்பது டிகிரி. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்து, டிகிரி முறையான 4326-ஆகச் சேமித்தேன். பாதைகள் வந்தன. கொஞ்ச நேரம் சும்மா நகர்த்தி நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 11

பொத்தான்கள் தமிழில். இது மட்டும்தான் முதல் நாள் நினைத்தபடி சுலபமாக முடிந்தது, கிட்டத்தட்ட. 'நடைபாதைகளைக் காட்டு' என்பது நீளமாகிப்போய், கைபேசித் திரையில் கீழ் மூலையில் இருக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள் என்ற வரியை மறைத்துவிட்டது. அந்த வரி உரிமத்தின்படி கண்ணில் படவேண்டிய வரி, மறைக்கக் கூடாது. பொத்தானை மேல் இடது மூலைக்கு நகர்த்தினேன்.

ரீட்மி கோப்பில் முதல் வரியாக 'நோட் 14' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.